ஐந்தேகால் மணிக் குரல்

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். ஆராதனைக்கு முப்பத்தொரு பேர். முடிந்ததும் எங்கள் போதகர், சேகரகுரு வேதமுத்து ஐயா சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார். மூன்று சாவிகள்: கோயில் பெரிய கதவு, பக்கக் கதவு, மைக் அறை. சபையில் தினசரி ஜெபம் நடத்தும் உபதேசியார் பொன்னுத்துரை இடுப்பு அறுவைக்காக நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறார். ஈஸ்டர் வரை அவர் வேலையை நான் பார்க்க வேண்டும். தங்குவதற்குக் கோயிலை ஒட்டி ஓர் அறை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது லெந்து நாட்கள் முழுக்கக் காலை ஐந்து மணிக்கு மணி. ஐந்தேகாலுக்கு மைக்கில் ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, ஒரு ஜெபம். ஊர் வீட்டில் இருந்தபடியே கேட்கும். கோயிலுக்கு யாரும் வருவதில்லை, எதிர்பார்க்க வேண்டாம் என்றார் ஐயா. பகலில் நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒழுங்காக முடித்தால் இறையியல் கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம் தருவார். தத்துவத்தில் எம்.ஏ. முடித்து இரண்டு வருடம் வீட்டில் படுத்துக் கிடந்தவனுக்கு இது போதுமான காரணம். படுத்துக் கிடந்தான் என்பது அப்பாவின் சொல். நான் படித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 23, வியாழன்

நாலே முக்காலுக்கு எழுந்தேன். மணிக்கயிறு ஈரமாக இருந்தது. மைக்கில் என் குரல் தெருமுனை வரை போய்த் திரும்புவதைக் கேட்க விநோதமாக இருந்தது.

யாரும் வரமாட்டார்கள் என்றார்கள். ஒருவர் வந்தார்.

பிப்ரவரி 24, வெள்ளி

வந்தவர் பெயர் அருமைநாயகம். திருச்செந்தூர் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். இமைகளில் எப்போதும் ஒரு சிவப்பு. அவர் மனைவி எப்சிபா ஒரு மாதமாகப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சிறுநீரகம்.

இன்று ஜெபம் முடிந்ததும் கேட்டார். தினமும் அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். சரியாக ஐந்தேகாலுக்கு அவளுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கிக் கம்பத்தின் கீழே வைத்துவிடுவாராம். அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பாளாம்.

"ஊரு சத்தம் கேட்டா அவளுக்குக் கொஞ்சம் தெம்பு, தம்பி. வேற ஒண்ணும் இல்ல."

சரி என்றேன்.

பிப்ரவரி 27, திங்கள்

பக்கத்து வீட்டு ராஜகனி அக்கா காலைச் சாப்பாடு கொண்டுவருகிறார். சபையில் அப்படி ஓர் ஏற்பாடு. இட்லிப் பாத்திரத்தை வைத்துவிட்டு, பொன்னுத்துரை உபதேசியார் ஜெபித்தால் ஊரே மறுபடி தூங்கிவிடும், நீங்கள் ஜெபித்தால் தூக்கம் போய்விடுகிறது என்றார். பாராட்டா என்று தெரியவில்லை.

மார்ச் 1, புதன்

எழுந்தேன். செய்தேன். மதியம் மூன்று மணி நேரம் தூங்கினேன்.

சொந்தமாக ஜெபிக்கவில்லை. மைக்கில் செய்வது கணக்கில் வரும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 2, வியாழன்

அருமைநாயகம் கேட்டார்: ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து எப்சிபாவைப் பார்க்க முடியுமா? பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்தான். நோயாளிகளைச் சந்திப்பது என் வேலையில் எழுதியே இருக்கிறது. அடுத்த வாரம் வருகிறேன் என்றேன்.

மார்ச் 3, வெள்ளி

காய்ச்சல் போல இருக்கிறது. 99.2.

நாளைக் காலைக்காக மணியோசை, பாட்டு, வாசிப்பு, ஜெபம் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து பென்டிரைவில் ஏற்றினேன். ஆம்ப்ளிஃபையரில் அதைச் செருக இடம் இருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்கு மாட்டும் டைமர் ஒன்று மைக் அறையில் சும்மா கிடந்தது. ஐந்து மணிக்குக் கரண்ட் கொடுத்தால் ஆம்ப்ளிஃபையர் தானாகப் பாடத் தொடங்குகிறது. ஐந்தரைக்கு நின்றுவிடுகிறது. ஒருநாள் மட்டும்.

மார்ச் 4, சனி

ஏழு மணி வரை தூங்கினேன். காய்ச்சல் இல்லை.

யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மார்ச் 6, திங்கள்

மதியம் மைக் அறையைப் பூட்டிக்கொண்டு ஏழு ஜெபங்கள் பதிவு செய்தேன். நாளுக்கு ஒன்று. ஏழு பாட்டு, ஏழு வாசிப்பு. ஆம்ப்ளிஃபையர் நாளுக்கு ஒன்றாகப் பாடி, வாரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஜெபங்கள் ஒன்று போல இல்லாமல் பார்த்துக்கொண்டேன். செவ்வாய்க்குக் கொஞ்சம் தாழ்ந்த குரல். வெள்ளிக்கு நடுவில் சிறு மௌனம். ஏழிலும் எப்சிபாவின் பெயர் உண்டு. கேட்டுக்கொண்டதை விடவில்லை.

இரண்டரை மணி நேர வேலை. முடித்ததும் உண்மையிலேயே களைப்பு. நாற்பது நாள் ஜெபத்தை ஒரே மதியத்தில் முடித்தவனின் களைப்பு.

மார்ச் 7, செவ்வாய்

தூங்கினேன்.

மார்ச் 9, வியாழன்

பழைய துறவிகள் ஜெபத்தில் வரும் இந்தச் சோர்வுக்கு நடுப்பகலின் பிசாசு என்று பெயர் வைத்திருந்தார்கள். வெயில் உச்சிக்கு வரும்போது வருமாம். அறை பிடிக்காது, வேலை பிடிக்காது, சகோதரர்களைப் பிடிக்காது. வேறு எங்கேயாவது இருந்தால் ஜெபிக்கலாம் என்று தோன்றும். எம்.ஏ.வில் ஒரு தாள் எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண். எனக்கு அது விடியும் முன்பே வந்துவிடுகிறது. பெயர் தெரிந்திருப்பதால் எந்த உபயோகமும் இல்லை.

மார்ச் 10, வெள்ளி

சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. எழவில்லை. என் அறை ஜன்னலில் இருந்து கோயில் முகப்பு தெரியும். பெரிய கதவு பூட்டியிருக்க, அருமைநாயகம் படியில் உட்கார்ந்திருந்தார். போன் கம்பத்தின் அடியில். என் குரல் எப்சிபாவுக்காக மன்றாடிக்கொண்டிருந்தது. நான் போர்வைக்குள் இருந்தேன்.

அவர் ஆமென் சொன்னது கேட்டது. நான் சொல்லவில்லை.

கதவு ஏன் திறக்கவில்லை என்று அவர் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஐயா என் தோளில் தட்டினார். சேகரத்தில் மூன்று சபைகள். இங்கே மட்டும்தான் லெந்து ஒழுங்காக நடக்கிறதாம். ஒருநாள்கூட நேரம் தப்பவில்லை என்று ஊர் சொல்கிறதாம். கடிதத்தை இந்த மாதக் கடைசியில் எழுதிவிடுகிறேன் என்றார்.

வாசலில் அருமைநாயகம். ஆஸ்பத்திரிக்கு எப்போது வருகிறீர்கள் என்று மறுபடி கேட்டார். எப்சிபாவுக்குக் குரல் பிடித்திருக்கிறது, ஆளைப் பார்க்க வேண்டும் என்கிறாளாம்.

புதன்கிழமை என்றேன்.

மார்ச் 15, புதன்

வெயில் அதிகம். போகவில்லை.

மார்ச் 17, வெள்ளி

இன்று சொந்தமாக ஜெபிக்க உட்கார்ந்தேன். முழங்கால் போட்டு நாலு நிமிடம். மைக் அறையில் ஒரு மதியத்தில் ஏழு ஜெபம் செய்தவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. ஆரம்பித்த வாக்கியம் எல்லாம் பதிவில் ஏற்கனவே இருந்தது.

எழுந்து துணி துவைத்தேன்.

மார்ச் 20, திங்கள்

ராஜகனி அக்கா இன்று பூரி கொண்டுவந்தார். எப்சிபாவுக்குச் சீழ் வைத்துவிட்டதாம், மறுபடி காய்ச்சலாம். என் உப்பிய முகத்தைப் பார்த்து, ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படிக்கிறீர்களா என்றார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எழுதத் தேவையில்லை.

மார்ச் 22, புதன்

அருமைநாயகம் பட்டறையிலிருந்து நேராக வந்தார். கை கழுவியிருந்தார், விரல் இடுக்கில் கரி போகவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாளைக்கு நான் போறேன். என் பைக்லயே கூட்டிட்டுப் போயிருதேன். மத்தியானத்துக்குள்ள கொண்டாந்து விட்டுருதேன், தம்பி."

நாளைக்கு ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும் என்றேன். கட்டுரை இருந்தது உண்மை. நாளை அனுப்ப வேண்டியதில்லை. சனிக்கிழமை கண்டிப்பாக என்றேன். சரி தம்பி, சனிக்கிழமை என்று போய்விட்டார். இது மூன்றாவது முறை.

மார்ச் 25, சனி

பஸ் நிறுத்தம் வரை போனேன். பத்து மணி பஸ் வந்தது. கூட்டம். அடுத்ததில் போகலாம் என்று நினைத்தேன். அடுத்தது பன்னிரண்டரைக்கு. அறைக்குத் திரும்பி வந்தேன். கொஞ்சம் படுத்தேன்.

மார்ச் 26, ஞாயிறு

மாலை நாலு மணிக்கு எப்சிபா இறந்துவிட்டார். நோய்த்தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டது. மருத்துவக் காரணம் தெளிவானது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏழரைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் முதல்முறையாக அவரைப் பார்த்தேன். நெற்றி அகலம். மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு புள்ளி. நான் கற்பனை செய்திருந்ததைவிட இளமையானவர். ஐயா ஜெபித்தார். அடக்கம் நாளை மூன்று மணிக்கு. அருமைநாயகம் வாசலில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். தேவைக்கு மேல் போட்டுவிட்டு, மறுபடி மடக்கினார்.

அறைக்கு வந்தாயிற்று. பென்டிரைவை எடுக்க வேண்டும். மைக் அறை முப்பது அடி தூரம். களைப்பு. நாலரைக்கு எழுந்து எடுத்துவிடலாம்.

மார்ச் 27, திங்கள்

என் குரல் கேட்டுத்தான் விழித்தேன்.

திங்கட்கிழமைப் பாட்டு முடிந்து வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தது. சாவிக்கொத்தைத் தேடினேன். சட்டைப்பையில் இருந்தது. ஓடினேன். மைக் அறைக் கதவில் முதலில் பக்கக் கதவுச் சாவியைப் போட்டேன், பிறகு பெரிய கதவுச் சாவியை. தலைக்கு மேலே குரல் ஜெபத்துக்கு வந்துவிட்டது. கட்டிலில் கிடக்கிற உம்முடைய மகள் எப்சிபாவைத் தொட்டுக் குணமாக்கும் என்றது. அவளை நடந்து வீடு வரப் பண்ணும் என்றது. அதைச் சொல்லும்போது குரல் லேசாகத் தழுதழுத்தது. அந்த இடத்தை மூன்று முறை பதிவு செய்தது நினைவிருக்கிறது.

உள்ளே போய் ஒயரைப் பிடுங்கும்போது இரண்டாம் முறையும் பெயர் வந்துவிட்டது.

பிறகு நிசப்தம். எப்சிபாவின் வீடு கோயிலிலிருந்து ஆறாவது வீடு. துக்கத்துக்கு வந்த அறுபது எழுபது பேர் தெருவில் விழித்திருந்தார்கள். ஒரு நாய் மட்டும் குரைத்தது.

மூன்று மணிக்கு அடக்கம். போனேன். பின்வரிசையில் நின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. எனக்கு வழிவிட்டார்கள், அவ்வளவுதான். எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்குவது போல.

கல்லறைத் தோட்ட வாசலில் ஐயா என்னைத் தனியே அழைத்தார். எல்லா நாளும் இப்படியா என்று கேட்டார். மார்ச் ஏழிலிருந்து என்றேன். கொஞ்ச நேரம் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

"என் பிரசங்க நோட்டுக்கு இருபத்திரண்டு வயசு, ரூபன். தேதியத்தான் மாத்துறேன். நான் உன்ன என்ன சொல்ல?"

கடிதம் எழுதியாயிற்று, இன்னும் அனுப்பவில்லை, அனுப்பட்டுமா என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. இங்கேயும் எழுதத் தெரியவில்லை.

மார்ச் 28, செவ்வாய்

நாலே காலுக்கு விழிப்பு. நாலரைக்கு எழுந்தேன். இடையில் பதினைந்து நிமிடம் நான் என்ன செய்தேன் என்பதுதான் என் முழு ஆவிக்குரிய வாழ்க்கையும்.

மணி அடித்தேன். பெரிய கதவைத் திறந்தேன். மைக்கைப் போடவில்லை. பீடத்துக்கு முன் முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை. பாட்டும் பாடவில்லை. இருந்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம். நாலு பேர். லெந்து தொடங்கியதிலிருந்து இவ்வளவு பேர் வந்ததில்லை. ராஜகனி அக்கா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து என் முகத்தை எட்டிப் பார்த்தார்.

"ஆளு இருக்காவளான்னு பாக்க வந்தோம். ஒண்ணுமே பேசலியே, கரண்ட் போயிட்டோ?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நானும் சிரித்திருக்கலாம். ஐந்தரை வரை முழங்காலில் இருந்துவிட்டு எழுந்தேன். கால் மரத்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இட்லி வந்தது. கொண்டுவந்தது அக்கா இல்லை, அவர் மகள்.

மார்ச் 29, புதன்

எழுந்தேன். இரண்டு பேர். வாசிப்பு மட்டும் செய்தேன்.

மார்ச் 30, வியாழன்

எழவில்லை. ஆறு மணிக்கு விழித்து ஆறேகாலுக்குப் போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. வாசித்துவிட்டு வந்தேன். இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மார்ச் 31, வெள்ளி

அருமைநாயகம் வந்தார். அடக்கத்துக்குப் பிறகு இன்றுதான். உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வாசித்தேன். ஒரு வாக்கியம் ஜெபித்தேன், பதிவில் இல்லாத ஒன்று. மிகவும் குட்டையான, அழகில்லாத வாக்கியம். முடிந்ததும் அவர் போகவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்களுக்குத் தெரியும், தம்பி."

எப்சிபா இரண்டாவது வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாராம். செவ்வாய்க்கிழமை ஜெபத்தின் நடுவில் ஒரு மயில் கத்தும். அதற்கடுத்த செவ்வாயும் அதே சொல்லில் அதே மயில் கத்தியது. எனக்குத் தெரியாது. மதியம் பதிவு செய்தபோது ஜன்னல் திறந்திருந்திருக்கிறது.

"'மயிலுக்குமா ஜெபம் மனப்பாடம்?'னு கேட்டா. கேட்டுட்டு ஒரே சிரிப்பு. ஊசி போட்ட கையி வலிக்க வலிக்கச் சிரிக்கா. நான் கோயில்ல போயி கேக்கட்டான்னேன். 'வேண்டாம், எழுப்பாதிய, பாவம், படிக்கிற புள்ள'ன்னுட்டா. 'ஆனா ஒரு நாளு நேர்ல வரச்சொல்லுங்க'ன்னா. அதுக்குத்தான் உங்கள்ட்ட மறுபடியும் வந்து நின்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்றார். "திங்கக்கெழம காலைல அந்தச் சத்தம் வந்தப்போ, பட்டறையில இருந்து கம்பிய எடுத்துட்டு வரத்தான் எந்திச்சேன். மச்சினன் புடிச்சு உக்கார வச்சுட்டான்."

பிறகு வேறு ஒன்று சொன்னார். எப்சிபாவின் அடுத்த கட்டிலில் ஒரு அம்மா. சண்முகவடிவு என்று பெயர். கழுகுமலைப் பக்கம். தினமும் காலையில் போன் சத்தத்தை அவரும் சேர்ந்துதான் கேட்பாராம். நேற்று போன் செய்து, ஏன் இப்போதெல்லாம் அந்தப் பையன் சத்தம் வருவதில்லை என்று விசாரித்தாராம். எப்சிபா இறந்ததை அவரிடம் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. வேறு வார்டுக்கு மாற்றியதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அருமைநாயகமும் சொல்லவில்லை. வாய் வரவில்லை என்றார்.

என்னைப் போகச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் 1, சனி

காலை எழுந்தேன். பிறகு பஸ் நிறுத்தம். பத்து மணி பஸ். கூட்டம். ஏறினேன்.

நின்றுகொண்டே ஒன்றேகால் மணி நேரம். இடையில் மூன்று ஊர்களில் இறங்கிவிடத் தோன்றியது. மூன்றிலும் நல்ல காரணங்கள் இருந்தன. கடைசிக் காரணம்: என்னை அவருக்குத் தெரியாது, நோயாளியைத் தொந்தரவு செய்வது பண்பல்ல.

சண்முகவடிவு வார்டில் இல்லை. இரத்தம் சுத்திகரிக்கும் அறையில் இருந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்றாள் நர்ஸ். அந்த நொடியில் எனக்குள் ஏற்பட்டது நிம்மதி. வந்தேன், விடவில்லை. திரும்பிப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். நன்றி என்று சொல்லித் திரும்பினேன். நாலு அடி நடந்தேன். மறுபடி போய், ஊரிலிருந்து வருகிறேன், உபதேசியார் வேலை பார்க்கிறேன், வாசலிலாவது நிற்கிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முகமூடி ஒன்று கொடுத்து, செருப்பைக் கழற்றச் சொன்னாள்.

அறுபது வயதிருக்கும். ஒல்லி. கை ஒரு தலையணை மேல் நீட்டியிருந்தது, அதிலிருந்து இரண்டு குழாய்கள். என்னைப் பார்த்து யாரென்று கேட்டார். சொன்னேன். முகமூடியை இறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"நீங்கதானா? போன்ல கேக்கறப்ப பெரிய ஆளுன்னு நெனச்சேன்."

எப்சிபா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பஸ்ஸில் இதற்குத்தான் நான் தயாராகவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இறந்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை என்றேன். என் குரல் நான் பதிவு செய்திருந்த எந்தக் குரல் மாதிரியும் இல்லை.

தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அழவில்லை. எனக்கும் தெரியும், கட்டில் மாத்தினா தலையணைய எடுத்துட்டுப் போவாங்கல்ல என்றார்.

ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். கேட்பதுதான் என் வேலை.

"எனக்கு உங்க சாமியெல்லாம் பழக்கமில்ல, தம்பி. அவ கேட்டா, நானும் கேட்டேன்." குழாய் இல்லாத கையால் சேலையை இழுத்து விட்டுக்கொண்டார். "மகன் வேலைக்குப் போயிட்டான். சாயங்காலந்தான் வருவான். இந்த மிஷினு நிக்க இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கு. இது ஓடயில தனியாக் கெடக்கிறதுதான் பயமா இருக்கு. அதுவரைக்கும் இருப்பீங்களா?"

நாற்காலி இல்லை. நர்ஸ் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டாள். ஒரு கால் குட்டை. உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் பேசினார், பிறகு கண்ணை மூடினார். பன்னிரண்டு மணிக்கு என்னைத் தூக்கம் தள்ளியது. எழுந்து நின்றுகொண்டேன். அவர் கண்ணைத் திறந்து நான் இருக்கிறேனா என்று பார்த்தார், மூடினார். அப்படி ஏழெட்டு முறை.

இரண்டே கால் மணிக்கு மிஷின் நின்றது.